எதிர்வீட்டுக்குக் குடிபோன கேப்டன்!

கொல்கத்தாவின் எஸ்பிளனேடு மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி மேற்குப் பக்கமாக நடந்தால் ‘மைதான்’ வந்துவிடும். ஊருக்கு நடுவே இவ்வளவு பெரிய புல்வெளியா என்று ஆச்சர்யமாக இருக்கும். ஈடன் கார்டன்ஸ் ஸ்டேடியம் இருப்பதும் இங்கேதான். அதே வட்டாரத்தில் இரண்டு கால்பந்து கிளப்புகளின் மைதானங்கள் இருக்கின்றன. ஒன்று 1889-ல் தொடங்கிய மோகன் பகான். இன்னொன்று 1920-ல் பிறந்த ஈஸ்ட் பெங்கால். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போகலாம்.

ஆனால், தீவிர ரசிகர் யாரும் அந்தப் பக்கம் மாற மாட்டார்! மேற்கு வங்கத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்களில் பெரும்பாலும் மோகன் பகானின் பச்சை - மெரூன்தான். கிழக்கு வங்கத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு ஈஸ்ட் பெங்காலின் சிவப்பு - தங்க நிறம். பிரிவினையில் ஊரை இழந்து வந்தவர்களுக்கு அந்தப் பெயரே ஓர் ஆறுதல். இது சமையலறை வரை போகிறது. மோகன் பகான் ஜெயித்தால் இறால், ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ஹில்சா மீன்.

இந்த ஊருக்குத்தான் வந்தார் கட்சுமி யூசா. ஜப்பானின் ஃபுகுஷிமாவில் பிறந்த மிட்ஃபீல்டர். இந்தியாவில் முதலில் ஓ.என்.ஜி.சி அணிக்கு ஆடியவர், 2013-ல் மோகன் பகானில் சேர்ந்தார். 2015 மே 31 அன்று பெங்களூரில் கடைசிப் போட்டியை 1-1 என டிரா செய்து ஐ-லீக் கோப்பையை வென்றது மோகன் பகான். 13 வருடக் காத்திருப்புக்குப் பிறகு கிடைத்த தேசிய லீக் பட்டம். அடுத்த வருடம் ஃபெடரேஷன் கோப்பை. அதன்பிறகு கட்சுமிக்குக் கேப்டன் பொறுப்பும் வந்தது.

2017-ல் அவர் போய்ச் சேர்ந்த இடம் எது தெரியுமா? ஈஸ்ட் பெங்கால்!

துரோகமா? ரசிகரின் இடத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அவருக்கு அணியின் நிறம் தாத்தா காலத்துச் சொத்து. வெளிநாட்டு வீரருக்கோ அது ஒப்பந்தத்தோடு வருவது. ஓர் அணியில் இத்தனை வெளிநாட்டினர்தான் என்று வரம்பு உண்டு. கோச் மாறினாலோ, வேறு வீரர் கிடைத்தாலோ இவர் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். குடும்பத்தை விட்டு வெளிநாட்டில் வேலை பார்க்கும் யாரிடம் கேட்டாலும் இந்தக் கணக்கு புரியும்.

அந்த ஐ-லீக் சீசனின் இரண்டு டெர்பிகளிலும் மோகன் பகானே ஜெயித்தது. பழைய கேப்டன் தோற்ற அணியில் இருந்தார். அடுத்த சீசனில் இம்பாலின் நெரோகா. அதற்கடுத்து நம்ம கோயம்புத்தூர்! பெயரில்தான் சென்னை, சென்னை சிட்டி எஃப்.சி-யின் சொந்த மைதானமாக அப்போது இருந்தது கோவை நேரு ஸ்டேடியம். 2018-19 சாம்பியனான அந்த அணியில் மறுவருடம் ஆடினார் கட்சுமி. கொரோனாவால் 2020 மார்ச்சில் லீக் பாதியில் நின்றது. பட்டம் யாருக்கு? மோகன் பகானுக்கு!

கொல்கத்தா போனால், மோகன் பகான் மைதானத்திலிருந்து ஈஸ்ட் பெங்கால் மைதானத்துக்கு ஒருமுறை நடந்து பாருங்கள். நமக்கு அது ஒரு டீ குடிக்கும் நேரம். நான்கு வருடம் பச்சை - மெரூன் சட்டை போட்டு, கேப்டனாகவும் இருந்தவருக்கு அது எவ்வளவு நீளமான வழியாக இருந்திருக்கும்!