நின்றுபோன கட்டளை

இடைநிலைப்பள்ளி ஆசிரியர் ஒருவர், மாணவர்களின் சோதனைப் புள்ளிகளைத் தொகுக்கச் சிறு நிரல் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அவருக்கு முன்பு அப்பள்ளியில் பணியாற்றியவர் எழுதி வைத்துவிட்டுப் போனது. அதில் பொத்தான்கள் இல்லை, படங்கள் இல்லை. கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டச்சு செய்தால், ஒவ்வொரு மாணவரின் மூன்று சோதனைப் புள்ளிகளையும் கூட்டிச் சராசரியைப் பட்டியலிட்டுவிடும்.

2022ஆம் ஆண்டு மார்ச் மாதம், தம் மேக் கணினியின் இயங்குதளத்தை 12.3 பதிப்புக்கு அவர் புதுப்பித்தார். மறுநாள் அந்தக் கட்டளை வேலை செய்யவில்லை. நிரலில் யாரும் கை வைக்கவில்லையே!

திரையில் தோன்றிய பிழைச்செய்தியை அவர் நிதானமாகப் படித்தார். பலர் செய்யாத வேலை இது; சிவப்பு எழுத்தைக் கண்டதும் கணினியை அணைத்துவிடுவோரே அதிகம். நிரலை இயக்கும் பைத்தானைக் காணவில்லை என்றது செய்தி. அந்நிரல் பைத்தான் 2இல் எழுதப்பட்டது. பைத்தான் 3 வெளிவந்ததோ 2008இல். பழைய பதிப்பின் பராமரிப்பை 2015இல் நிறுத்துவதாக அறிவித்து, பின்னர் 2020 ஜனவரி 1 வரை நீட்டித்திருந்தார்கள். தாராளமான அவகாசம்தான். ஆனால், ஓடிக்கொண்டிருக்கும் நிரலை யார் திறந்து பார்க்கிறார்கள்? மேக் கணினியோடு சேர்ந்தே வந்துகொண்டிருந்த பைத்தான் 2, அந்த 12.3 பதிப்பில் நீக்கப்பட்டது.

ஆசிரியர் பைத்தான் 3ஐ நிறுவினார். நிரலின் முதல் வரியில் இருந்த பழைய முகவரியை மாற்றினார். மீண்டும் பிழை. அச்சிடும் கட்டளைக்குப் புதிய பதிப்பில் அடைப்புக்குறி கட்டாயம்; அவற்றையும் சேர்த்தார். பட்டியல் வந்தது.

அத்துடன் அவர் எழுந்து போயிருக்கலாம். பழைய பட்டியல் ஒன்றை எடுத்து, அதே புள்ளிகளைப் புதிய பதிப்பில் இட்டு ஒப்பிட்டார். சிலருக்கு ஒரு புள்ளி கூடியிருந்தது. ஒரு மாணவிக்கு 38, 40, 41, கூட்டினால் 119. அதை மூன்றால் வகுத்தால் 39.67 வரும், முழு எண்ணாக்கினால் 40. பழைய பட்டியலிலோ 39 என்றிருந்தது. அப்பள்ளியில் தேர்ச்சிப் புள்ளி 40.

முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால், பைத்தான் 2 தசமப் பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தைத் தரும். நிரலில் முழு எண்ணாக்கும் வரி இருந்தும், அதனிடம் போய்ச் சேர்ந்தது வெறும் 39தான். பைத்தான் 3 தசமத்தை வெட்டுவதில்லை. ஆகவே, மொத்தத்தை மூன்றால் வகுக்கும்போது மீதம் 2 வரும் மாணவர்கள் மட்டுமே ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளியை இழந்து வந்திருக்கிறார்கள். புதுப்பிப்பு கெடுத்த பிழைகள் திரையில் சத்தமிட்டன. இந்தப் பிழை பல ஆண்டுகளாக வாய் திறக்கவில்லை.

அன்று மாலை ஆசிரியர் முந்தைய ஆண்டுகளின் கோப்புகளைத் திறந்து, 39 பெற்றவர்களின் பெயர்களைத் தனித்தாளில் எழுதத் தொடங்கினார்.