பனிக்கட்டியாற்றைப் பார்க்கப் போன நாள்

பனிக்கட்டியாறு என்ற சொல்லை நான் முதன்முதலில் படித்தது பள்ளிக்கூடப் புவியியல் பாடத்தில்தான். அப்போது வன்னியில் எங்களுக்கு மின்சாரம் இல்லை. குப்பி விளக்கு வெளிச்சத்தில் அதன் வரைவிலக்கணத்தைப் பாடமாக்கிப் பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கினேன். ஆனால் ஐஸ்பழப் பெட்டியைத் தவிர வேறெங்கும் பனிக்கட்டியைக் காணாத எனக்கு, ஆறு எப்படிக் கட்டியாகும், கட்டி எப்படி ஓடும் என்பது மட்டும் விளங்கவேயில்லை.

2023 ஓகஸ்ட்டில் சுவிற்சர்லாந்தில் இருக்கும் அக்காவிடம் மூன்று வாரம் போயிருந்தேன். பேர்ண் நகருக்குப் பக்கத்தில் அவர்களது வீடு. அக்கா ஜேர்மன் மொழி படிக்கும் வகுப்பில் ஆண்டுக்கொருமுறை சுற்றுலா போவார்களாம். அந்த முறை ரோன் பனிக்கட்டியாற்றுக்கு ஒரு நாள் பயணம். வீட்டார் ஓரிருவரையும் கூட்டிவரலாம் என்றதால் நானும், பெறாமகளும், அத்தானின் தாயாரும் சேர்ந்துகொண்டோம். பதினேழு வருடம் அங்கே வாழ்ந்த அக்கா இன்னும் மொழி வகுப்புக்குப் போகிறாளே என்று நீங்கள் நினைக்கலாம். விடியற்காலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலைக்கும், பின்னேரத்தில் பிள்ளையைப் பார்க்கவும் மொழி தேவைப்படவில்லை. மொழி தேவைப்படும் வேலைக்குப் போக நேரம் கிடைக்கவில்லை. இதுதான் கதை.

மாமிக்கு எழுபத்துநாலு வயது. அவவின் கடைசி மகன், அத்தானின் தம்பி, 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்தபின் காணாமல் போனவன். அப்போது அவனுக்கு இருபத்தேழு வயது. மாமி திவசம் செய்வதில்லை. படத்துக்கு மாலை போடுவதும் இல்லை. அவனுடைய பிறந்தநாளுக்கு மட்டும் பாயாசம் வைப்பா.

காலை ஏழே காலுக்குப் பேருந்து புறப்பட்டது. ஏழு பதினாறுக்கு வந்திருந்தால் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். எரித்திரியா, ஆப்கானிஸ்தான், துருக்கியின் குர்திஷ் பகுதி, உக்ரேன் எனப் பல இடங்களிலிருந்தும் வந்த பெண்கள் இருந்தார்கள். யாரைப் பார்த்தாலும் ஏதோவொரு போரிலிருந்து வந்தவர். ஆனால் அன்று எல்லாருடைய பேச்சும் யார் என்ன சாப்பாடு கட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்பதைப் பற்றியே இருந்தது. நாங்கள் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் கொண்டுபோனோம். வழிகாட்டியாக வந்தவர் அறுபது வயது மதிக்கத்தக்க சுவிஸ் பெண். நிறுத்தி நிதானமாகப் பேசினார். பெறாமகள் எங்களுக்கு மொழிபெயர்த்தாள்.

பிரியன்ஸ் ஏரிக்கரையைக் கடந்து மலையேறினோம். வளைவுகளில் தலை சுற்றியது. ஒரு வளைவில் அக்கா யன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, "உங்கட அத்தான் வந்த புதுசில இப்பிடியொரு மலை ஹோட்டலிலதான் கோப்பை கழுவினவர்" என்றாள். மூன்று கோடை காலம் வேலை செய்தும் அத்தான் பனிக்கட்டியாற்றைப் பார்க்கவில்லையாம். விடுமுறை நாளில் நித்திரை கொள்ளத்தான் தோன்றும் என்று சொல்வாராம். எத்தனையோ ஆயிரம் பேர் பார்க்க வந்த இடத்துக்குப் பின்னால் குசினியில் நின்ற எங்கள் ஆண்களைப் பற்றி எந்தப் பயணப் புத்தகத்திலும் எழுதியிருக்காது.

கிறிம்சல் கணவாயை நெருங்கும்போது ஒரு பெரிய நீர்த்தேக்கம். 1932இல் கட்டி முடித்த பழைய அணை 114 மீற்றர் உயரம். அதற்கு முன்னால் புதிய அணையொன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீரின் நிறத்தைப் பார்த்து நான் அதிசயப்பட்டேன். பாலில் பச்சை நிறம் கலந்ததுபோல் இருந்தது. பனிக்கட்டி நகரும்போது அடியிலுள்ள பாறையை அரைத்து மாவாக்குமாம். அந்தக் கல்மா தண்ணீரில் மிதப்பதால்தான் அந்த நிறம். எங்கள் இரணைமடு மழையைப் பார்த்திருக்கும் குளம். இது பனி உருகுவதைப் பார்த்திருக்கும் குளம்.

கணவாயின் உச்சி கடல்மட்டத்திலிருந்து 2164 மீற்றர். அங்கே இன்னொரு சிறிய ஏரி, கண்ணாடிபோல் அசையாமல் கிடந்தது. எல்லாரும் இறங்கிப் படம் எடுத்தார்கள். இதன் பெயர் என்ன என்று கேட்டேன். பெறாமகள் கொஞ்சம் தயங்கி, "இறந்தவர்களின் ஏரி, சித்தி" என்றாள். 1799இல் பிரெஞ்சுப் படையும் ஒஸ்திரியப் படையும் இந்த மலையில் சண்டையிட்டபோது செத்தவர்களை இந்தத் தண்ணீரில் போட்டதால் அந்தப் பெயர் என்று வழிகாட்டி சொன்னார். அதற்கும் முந்திய ஒரு போரின் கதையும் உண்டாம். தண்ணீரில் கை வைத்துப் பார்க்கக் குனிந்த மாமி நிமிர்ந்துவிட்டா. நந்திக்கடல் என்று அவவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அடுத்த மலைச்சரிவில்தான் ரோன் பனிக்கட்டியாறு. முதலில் பள்ளத்தில் கிளெச் என்ற சிறிய இடத்தில் நிறுத்தினார்கள். பழைய ஹோட்டலொன்றும் சில கட்டடங்களும்தான். நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னர் பனிக்கட்டியாறு இந்தப் பள்ளம்வரை இறங்கி வந்து நின்றது என்று வழிகாட்டி பழைய படமொன்றைக் காட்டினார். படத்தில் கட்டடங்களுக்குப் பின்னால் வெள்ளைச் சுவர்போல் பனி நின்றது. நிமிர்ந்து பார்த்தால் வெறும் பாறை. பனி எங்கோ மேலே ஒளிந்துகொண்டிருந்தது.

பேருந்து வளைந்து வளைந்து மேலே ஏறிப் பனிக்கட்டியாற்றின் அருகே நின்றது. அங்கே 1882இல் திறந்த ஹோட்டல் ஒன்று 2015 முதல் பூட்டிக் கிடந்தது. அந்தக் காலத்தில் யன்னலைத் திறந்தால் பனிக்கட்டி தெரியுமாம். இப்போது பனி தூரப் போய்விட்டது. அது விட்டுச் சென்ற பள்ளத்தில் புதிதாக ஒரு ஏரி உண்டாகியிருக்கிறது. நான் பார்த்த அந்த அழகான ஏரிக்கு என்னுடைய வயதுகூட இல்லை.

பனிக்கட்டிக்குள் ஒவ்வொரு வருடமும் ஒரு குகை வெட்டுகிறார்கள். அதை வெயில் உருக்கிவிடாமல் மேலே பெரிய வெள்ளைத் துணிகளைப் போர்த்தியிருந்தார்கள். போர்த்திய இடத்தில் உருகுவது பாதிக்கு மேல் குறையுமாம். கிட்டப் போனதும் துணிகள் கிழிந்து, அழுக்காகி, காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. மாமி கைத்தடியை ஊன்றி நின்று பார்த்துவிட்டு, "மெனிக் பாம் கூடாரம் மாதிரிக் கிடக்கு" என்றா. எரித்திரியப் பெண் என்ன சொன்னா என்று கேட்டாள். பெறாமகளால் அதை மொழிபெயர்க்க முடியவில்லை. மெனிக் பாம் என்றால் என்னவென்று அவளுக்கே தெரியாது. நான்தான் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. அந்தப் பெண் சூடானில் தானிருந்த முகாமின் பெயரைச் சொன்னாள். இருவரும் தலையாட்டிக்கொண்டோம்.

குகைக்குள் ஒரே நீலம். இறுகிய பனிக்கட்டி வெளிச்சத்தின் சிவப்பை விழுங்கிவிட்டு நீலத்தை மட்டும் விடுவதால் அப்படித் தெரிகிறதாம். சுவரெங்கும் நீர் வழிந்தது. தலையிலும் கழுத்திலும் சொட்டியது. பெறாமகளின் பழைய சப்பாத்தைப் போட்டிருந்த என் கால் விறைத்துவிட்டது. மாமி வெறுங்கையைச் சுவரில் வைத்தபடி கனநேரம் நின்றா. கையை எடுங்கோ என்று அக்கா இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

வெளியே வந்து புட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஆப்கான் பெண் ஒருத்தி வழிகாட்டியிடம் ஏதோ கேட்டாள். இந்தப் பனிக்குள் ஆட்கள் விழுந்து தொலைந்திருக்கிறார்களா என்பதே கேள்வி. வழிகாட்டி சொல்லத் தொடங்கினார். பெறாமகள் மொழிபெயர்க்க வாயெடுத்தாள். இரண்டு வசனம் கேட்டதுமே நான் அவளுக்குக் கண்ணைக் காட்டினேன். மாமி அதைக் கண்டுவிட்டா.

"என்னத்துக்குப் பிள்ளை அவளுக்குக் கண்ணைக் காட்டுறாய்? என்னெண்டாலும் சொல்லட்டும்."

பெண்களோடு பத்து வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறேன். எதை அவர்கள் தாங்குவார்கள், எதைத் தாங்கமாட்டார்கள் என்று அவர்களைக் கேட்காமல் நாங்களே தீர்மானிக்கும் பழக்கம் எங்களிடம் ஊறிப்போய்விட்டது. அதற்குப் பெரிய பெயர்களும் வைத்திருக்கிறோம். அன்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கதை இதுதான். ரோன் நதி ஓடும் இதே வலே மாநிலத்தில், 1942 ஓகஸ்ட்டில் ஒரு தம்பதி மாடுகளைப் பார்க்க மலைக்குப் போனார்கள். திரும்பி வரவில்லை. ஊரார் இரண்டரை மாதம் தேடினார்கள். ஏழு பிள்ளைகள். தாயும் தகப்பனும் இல்லாமல் பிள்ளைகள் வெவ்வேறு வீடுகளில் பிரிந்து வளர்ந்தார்கள். 2017 ஜூலையில், எழுபத்தைந்து வருடத்துக்குப் பிறகு, பனி உருகிய இடத்தில் இரண்டு உடல்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அந்தக் காலத்துச் சப்பாத்துகள், ஒரு பை, ஒரு போத்தல் எல்லாம் அப்படியே இருந்தன. மரபணுப் பரிசோதனையில் அவர்கள்தான் என்று உறுதியானது. 1925 முதல் காணாமற் போனவர்களின் பட்டியலை அந்த மாநிலப் பொலிஸ் இன்றும் வைத்திருக்கிறதாம். நாங்கள் போவதற்குச் சில வாரம் முன்புகூட, 1986இல் தொலைந்த ஜேர்மன் மலையேறி ஒருவரின் எச்சங்கள் சேர்மற்றுக்கு அருகே கிடைத்ததாகச் செய்தி வந்திருந்தது.

கடைசிப் பெண்பிள்ளைக்கு அப்போது எழுபத்தொன்பது வயது. பெற்றோரைத் தேடி மூன்று தடவை பனிக்கட்டியாற்றில் ஏறியவர். இறுதிச் சடங்குக்கு வெள்ளை உடுக்கப்போவதாகச் சொன்னாராம்.

"வெள்ளைதானே உடுக்கிறது" என்றா மாமி.

"இல்லை அப்பம்மா, இங்க கறுப்புத்தான் உடுப்பினம். அவ நம்பிக்கையை விடேல்லை எண்டு காட்டத்தான் வெள்ளை."

மாமி சாப்பாட்டுப் பெட்டியை மூடினா. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவ கேட்டது நான் எதிர்பார்த்த எந்தக் கேள்வியும் அல்ல. "அவையளெண்டு எப்பிடிக் கண்டுபிடிச்சவை? பிள்ளையளிட்டை இரத்தம் எடுத்தவையோ? அப்ப பிள்ளையள் எல்லாரும் செத்துப் போயிருந்தால்?"

அந்த ஜூன் மாதக் கடைசியில்தான் முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் பதிக்க நிலத்தைத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டிருந்தன. மாமி அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தவ. எங்களோடு அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதவ.

புறப்படுமுன் பனியிலிருந்து வரும் தண்ணீர் ஓடும் இடத்தில் கொஞ்சம் நின்றோம். சாம்பல் நிறத்தில் இரைந்துகொண்டு ஓடியது. இதுதான் ரோன் நதியின் பிறப்பிடம். ஜெனீவா ஏரிக்குள் போய், அங்கிருந்து வெளியேறி, பிரான்சைக் கடந்து, 812 கிலோமீற்றர் ஓடி மத்தியதரைக் கடலில் விழுகிறது.

"ஜெனீவாவில பாலத்துக்குக் கீழால ஓடுறது இந்தத் தண்ணியோ?" என்று மாமி கேட்டா. மனித உரிமைப் பேரவை கூடும் காலங்களில் மகனின் படத்தோடு அங்கே போய் நின்றவ. ஓம் என்றோம். "அப்ப எனக்குத் தெரிஞ்ச ஆறுதான்" என்றா.

திரும்பி வரும்போது முக்கால்வாசிப் பேர் நித்திரை. மாமி என்னைத் தன் பக்கத்துக் கதிரைக்குக் கூப்பிட்டு, "கொப்பி பேனை இருக்கோ? எழுது" என்றா. பெறாமகளின் பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதினேன். உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். பன்னிரண்டு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து இடது முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்தது, பத்துப் போட்டது. மேல்வாய் முன்பல் ஒன்று மற்றதுக்கு மேல் ஏறியிருக்கும். கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று பிடுங்கியது. காலளவு எட்டு. கடைசியாகப் போட்டிருந்தது மண்ணிறக் கட்டைக் காற்சட்டை, பொத்தானொன்றை மாமியே கறுப்பு நூலால் தைத்துவிட்டது. பதினான்கு வருடம் அந்த நூலின் நிறம் அவவின் நெஞ்சில் இருந்திருக்கிறது. நான் எழுதும்போது அக்கா யன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

"இது அவன் செத்துப்போனான் எண்டு எழுதுறதில்லை பிள்ளை. உயிரோட வந்தாலும் இதுதானே அடையாளம்" என்றா மாமி.

ஊருக்கு வந்தபின் எங்கள் பெண்கள் குழுவில் நான் பார்த்த ஏரிகளைப் பற்றிச் சொன்னேன். 2022, 2023 இரண்டு வருடத்தில் மட்டும் சுவிஸ் பனிக்கட்டியாறுகள் பத்து வீதம் கரைந்துபோனதைச் சொன்னேன். மாமியின் கொப்பியையும் சொன்னேன். சிலர் அன்றே எழுதித் தரச் சொன்னார்கள். சில தாய்மார் அடுத்த கிழமை பழைய மருத்துவத் துண்டுகளைத் தேடிக் கொண்டுவந்தார்கள். ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனவர் என்ற சான்றிதழைப் பெறலாம் என்று 2016இல் சட்டம் திருத்தியபோதும் அதை வாங்க மறுத்தவர் அவர். அவருடைய கோபத்தைப் பிழை என்று என்னால் சொல்ல முடியவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டக் கொட்டகையில் அவரோடு இருந்த பலர் இன்று உயிரோடு இல்லை. அவர்களுடைய பிள்ளைகளின் முறிந்த கைகளையும் பிடுங்கிய பற்களையும் பற்றி இனி யாரிடம் கேட்பது?

2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி செம்மணியில் மண்ணுக்குள்ளிருந்து எடுத்த பொருட்களை நீதிமன்ற அனுமதியுடன் மக்களுக்குக் காட்டினார்கள். நானும் மூன்று தாய்மாரோடு போயிருந்தேன். புத்தகப்பை, பொம்மை, உடுப்புகள். அன்றிரவு மாமி தொலைபேசியில் எடுத்தா.

"சப்பாத்து, காற்சட்டை ஏதும் இருந்ததோ?"

"மாமி, தம்பி காணாமல் போனது வன்னியில. இது யாழ்ப்பாணம்."

"எனக்குத் தெரியாதே பிள்ளை. ஆரோ ஒரு தாய் தேடிக்கொண்டிருப்பா. நீ வடிவாப் பாத்தனியோ? உடுப்பில பொத்தான் என்ன நூலால தைச்சிருந்தது?"

நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, பார்த்த ஒவ்வொன்றையும் முதலிலிருந்து அவவுக்குச் சொல்லத் தொடங்கினேன்.