வகுக்கும் எண்

மாடு தின்னும் தீவனத்தின் மொத்த ஆற்றலில் ஏறத்தாழ 6.5 சதவீதம் மாட்டுக்கும் சேர்வதில்லை, நமக்கும் சேர்வதில்லை. ஏப்பமாகப் போய்விடுகிறது. முதல் இரைப்பையில் நார் நொதிக்கும்போது ஹைட்ரஜன் உண்டாகிறது. அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதைக் கரியமில வாயுவோடு சேர்த்து மீத்தேன் ஆக்கிவிடுகின்றன. பலரும் சிரித்துக்கொண்டே நினைப்பதுபோல இது வால் பக்கத்து விவகாரம் இல்லை. பெரும்பகுதி வாய்வழிதான்.

ஐபிசிசியின் 2006 வழிகாட்டி இதை ஒற்றை வரிச் சூத்திரமாகத் தருகிறது. ஒரு நாள் தீவனத்தின் ஆற்றலை 0.065 ஆல் பெருக்கு, 365 ஆல் பெருக்கு, 55.65 ஆல் வகு. கடைசி எண், ஒரு கிலோ மீத்தேனில் அடங்கிய மெகாஜூல். நாளுக்கு 100 மெகாஜூல் தின்கிற மாடு என்றால் வருடத்துக்குச் சுமார் 43 கிலோ மீத்தேன். பால் பண்ணைகளின் கார்பன் கணக்குக்காக எங்கள் டீம் எழுதிய மென்பொருளில் இந்த ஃபங்ஷன் மொத்தம் நாலு வரி.

நிஜ மாட்டை அளப்பவர்கள் பாடுதான் பாடு. அறைக்குள் அடைத்து மூச்சுக்காற்றைப் பிடிக்கலாம், ஆனால் அடைபட்ட மாடு மேய்கிற மாடு இல்லையே. அதனால் சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு கசியும் ஒரு சிறு குழலை இரைப்பைக்குள் இறக்கிவிட்டு, கழுத்தில் குப்பியைக் கட்டி மேயவிடுகிறார்கள். கசிவின் வேகம் முன்பே தெரியும் என்பதால், குப்பியில் சேர்ந்த இரு வாயுக்களின் விகிதத்திலிருந்து மீத்தேனைக் கண்டுபிடித்துவிடலாம். கரியமில வாயுவைவிட இருபதாயிரம் மடங்குக்கும் மேல் சூடேற்றும் வாயுவை விழுங்கவைத்துத்தான் மாட்டின் குற்றத்தை அளக்கிறோம்!

அளந்த பிறகும் எண் அசையத்தான் செய்கிறது. இந்தியத் துணைக்கண்டத்துக் கறவை மாட்டுக்கு ஐபிசிசியின் 2006 பொது எண் வருடத்துக்கு 58 கிலோ. 2007க்கான இந்தியாவின் தேசியக் கணக்கில் நாட்டுக் கறவைக்கு 28, கலப்பினத்துக்கு 43. கறவை எருமைக்கு 50, கூட்டல் கழித்தல் 17. மூன்றில் ஒரு பங்கு ஆடுகிற இந்த எண்ணுக்கு, திரையில் இரண்டு தசம இடம் வேண்டுமென்று கேட்டார் எங்கள் மேலாளர்.

சிக்கல் அதற்கு அடுத்த வரியில் இருந்தது: லிட்டரால் வகுப்பது.

காங்கேயம் பக்கம் அப்புச்சியிடம் ஒரு மயிலைப் பசு. கொறங்காட்டில் கொழுக்கட்டைப்புல் மேய்கிறது. வருடத்துக்கு 600 லிட்டர் கறந்தால் பெரிசு. தேசிய எண்ணைப் போட்டால் லிட்டருக்கு 47 கிராம் மீத்தேன். 2,400 லிட்டர் தரும் கலப்பினத்துக்கு 18 கிராம். வருடத்துக்கு 15 கிலோ குறைவாக விடுகிற மாடு எங்கள் திரையில் சிவப்பு, அதிகம் விடுகிற மாடு பச்சை. பச்சைக்கு ஊக்கத்தொகை என்று வாடிக்கையாளர் தரப்பில் பேச்சும் இருந்தது.

அப்புச்சியிடம் சொன்னேன்.

"மாட்டு ஏப்பத்துக்கா உங்களுக்குச் சம்பளம் தர்றாங்க?" என்று சிரித்தார். அப்புறம், "ஏஞ்சாமி, இந்த இனத்துக் காளையைக் கண்ணபுரம் சந்தையில வித்துத்தானே உங்கம்மா கல்யாணத்தை முடிச்சேன். அது எந்தக் கணக்குல வருது?"

"பாலுக்கு மட்டுந்தானுங்க அப்புச்சி கணக்கு."

"அப்ப அது பால் மாட்டுக் கணக்கு. இது பால் மாடு இல்லையே."

லிட்டர் கணக்கு பொய் இல்லை. அதே பாலுக்கு நாட்டு மாடுகளை மட்டும் நம்பினால் நாலு மடங்கு மாடு வேண்டும், மீத்தேனும் கூடும். நாட்டு மாடு என்றதும் கண் கலங்கும் கூட்டத்தில் நான் இல்லை. ஆனால் காற்று மண்டலத்துக்கு லிட்டர் தெரியாது, கிலோ மட்டும்தான் தெரியும். சாணிக்கும் உழைப்புக்கும் பங்கு பிரிக்கும் கணக்குமுறைகள் இருக்கின்றன. ஒப்பந்தத்தில் அவை இல்லை.

லிட்டர் பத்திக்குப் பக்கத்திலேயே மொத்தக் கிலோவையும், கூட்டல் கழித்தலோடு, காட்டும்படி மாற்றி அனுப்பினேன். மூன்று வாரமாக ரிவ்யூவில் கிடக்கிறது. தசம இடங்கள் பற்றி மட்டும் ஒரு கமெண்ட் வந்திருக்கிறது.