இலைமேல் ஒரு காவலன்

இலையான் என்றதும் முகஞ்சுளிப்பது நம்மவர் வழக்கம். சோற்றில் மொய்த்து நோயைச் சுமக்கும் வீட்டிலையானால் அதன் சுற்றத்தார் அனைவர்க்கும் வந்த பழி அது. அப்பழிக்குச் சிறிதும் உரித்தல்லாத ஓர் இலையான் இணுவிலில் எங்கள் வளவிலே வாழ்கின்றது.

கிணற்றடி வாழையிலோ கத்தரியிலையிலோ காலை வேளையில் அதனைக் காணலாம். அரிசிமணியளவே உடல், மயிற்கழுத்தின் பச்சை, உடலுக்கு மிஞ்சிய மெல்லிய நெடுங்கால்கள். அக்கால்களை ஊன்றி முன்னுடலை உயர்த்தி நிற்கும். நம் நிழல் பட்டதும் அடுத்த இலைக்குத் தாவிவிடும்.

"அப்பு, இதுக்கு ஆர் பச்சை மை பூசினது?" என்று பேத்தி வினவினாள். மையன்று, மேற்றோலின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புதலால் தோன்றும் நிறம் அது என்றேன்.

இதன் குடும்பத்தை அறிவியலார் டொலிக்கோபோடிடே என்பர். நெடுங்கால் எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களிற் பிறந்த பெயர் அது. உலகெங்கும் 7,000க்கு மேற்பட்ட இனங்கள் இக்குடும்பத்தில் உள்ளன. வெப்ப நாடுகளிற் பரவிய ஒரு பேரினத்துக்குக் கிரைசோசோமா, அதாவது பொன்னுடல், என்று பெயர்.

அழகினும் பெரிது அதன் தொழில். தளிரின் சாற்றை உறிஞ்சும் அழுக்கணவன், பனிப்பூச்சி முதலிய மென்னுடற் பூச்சிகளைப் பற்றி நசுக்கி உண்பது அது. இக்குடும்பத்துப் புழுக்களிற் பெரும்பாலானவையும் ஈரமண்ணிலும் சருகின் கீழும் சிற்றுயிர்களை வேட்டையாடியே வளர்கின்றன. வற்றாத ஆறில்லாத யாழ்ப்பாணத்தில் அவ்வீரத்தைத் தருவன நமது கிணறும் வாய்க்காலும் வாழையடிச் சருகுமேயாம்.

சென்ற தை மாதத்திற் கத்தரிக் கன்றுகளை அழுக்கணவன் பற்றிற்று. மகன் மருந்தடிக்க ஆயத்தமானான்.

"பொறு தம்பி, மருந்துக்கு ஆர் உறவு, ஆர் பகையெண்டு தெரியாது" என்றேன்.

"கண்டெல்லாம் பட்டுப்போனால் என்ன செய்யிறது, அப்பா?" என்றான்.

அவன் அச்சமும் நியாயமானதே. பூச்சி மிகுந்த இலைகளைக் கிள்ளி எரித்தோம். ஏனையவற்றை நீர் பாய்ச்சிக் கழுவினோம். ஒரு கிழமை காத்திருந்தோம். இலையான்களே வென்றன என்று கூறேன். பொறிவண்டுகளும் வந்து உதவின. காய் சற்றே குறைந்தது, கன்றுகள் தப்பின.

அழுக்கணவன் ஆணின்றியே குட்டியீன்று சில நாட்களிற் பன்மடங்காகும். அதனை உண்ணும் காவலரோ மெல்லவே பெருகுவர். நஞ்சு இரு திறத்தாரையும் ஒருங்கே கொன்றால், முதலில் மீண்டு வருவது பகையே. ஆதலின், தெளிகருவியை எடுக்குமுன் இலைமேல் நிற்பது யாரென ஒருமுறை உற்று நோக்குதல் நன்று.