கணினி விழிக்கும் வேளை

இல்லத்தில் முன்னெழுபவர் ஒருவர் இருப்பின் ஏனையோர்க்குப் பொழுது எளிதாகப் புலரும். அடுப்பு எரிந்திருக்கும், முற்றம் தெளித்திருக்கும், நாம் எழுந்து நம் வேலையைத் தொடங்கினாற் போதும். கணினிக்கும் இத்தகைய வைகறை ஒன்று உண்டு. கடவுச்சொல்லை இட்டு உள்நுழையும்போது, நாடோறும் வேண்டிய செயலிகள் நாம் அழையாமலே எழுந்து நிற்றல் வேண்டும். இச்சிறு பொருளை இம்மலரில் எழுதப் புகுந்தமைக்குக் காரணம் எம் பிழை ஒன்றேயாம்.

பேட்டையில் எம் இல்லத்தில் பழைய மடிக்கணினி ஒன்று உளது. 2011-இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ், எம் தமக்கையார் மேனிலைப் பள்ளியிற் பயின்ற காலத்துப் பெற்றது. அவர் மணமாகிச் சென்றபின் அது பாட்டனாருக்கு உரியதாயிற்று. பாட்டனார் தமிழாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். ஆறு, வயல், தறி பற்றித் தாம் இளமையிற் கேட்ட ஊர்ச்சொற்களைத் தொகுத்து வருபவர். கை நடுக்கத்தால் எழுதுகோல் பிடித்தல் அரிதாகவே, முதுமையில் தமிழ்99 விசைப்பலகையைப் பயின்றார். 1999-இல் சென்னையில் நிகழ்ந்த மாநாட்டையொட்டித் தரப்படுத்தப்பட்ட அப்பலகையில் உயிர்கள் இடக்கைப்புறமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப்புறமும் அமைந்திருத்தலின், அஃது அவர்க்கு விரைவிற் கைவந்தது.

கைவராதது வேறொன்று. தமிழ் உள்ளீட்டுச் செயலி அக்கணினியில் தானே எழுவதில்லை. "ஐயா, தமிழை எழுப்பிவிட்டுப் போ" என்பார் நாடோறும். யாம் பேருந்திற்கு விரையும் நேரம் அது. ஒருநாள், "தினமும் இதே தொல்லையா, தாத்தா?" என்று கடிந்து, செய்யாமலே புறப்பட்டு, ஆற்றுப்பாலம் கடந்து கல்லூரி சேர்ந்துவிட்டோம்.

மாலையில் மீண்டு நோக்கினால், திரை முழுதும் ஆங்கில எழுத்துக்கள். விசைகளையே நோக்கித் தட்டுபவராதலின் அவர் திரையைக் கண்டிலர். 'அம்மா' என அவர் தட்டியது ஏ, கே, கே, கியூ என நின்றது. ஒரு முற்பகல் உழைப்பு அவ்வாறு ஒழிந்தது. அருகே ஒரு குறிப்பேடு. அதில் நடுங்கிய ஒற்றை வரி. அவர் எம்மை ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எம்மைச் சுட்டது.

அன்றிரவே யாம் அமர்ந்தோம். அக்கணினியில் இப்போதிருப்பது எக்ஸ்எஃப்சிஇ முகப்புடைய லினக்ஸ். அமைப்புகளில், உள்நுழையும்போது எழ வேண்டியவற்றின் பட்டியல் உண்டு. ஆயின் புதியதொன்றைச் சேர்க்கப் புகுந்தால், செயலியின் பெயரோடு அதனைத் தொடங்கும் கட்டளையையும் நம்மையே எழுதச் சொல்கின்றது. யாம் கட்டளையில் ஓரெழுத்துப் பிழைத்தோம். மறுமுறை உள்நுழைந்தபோது செயலி எழவுமில்லை, பிழை இன்னதென்று எவரும் உரைக்கவுமில்லை. நாம் சேர்ப்பது ஒரு சிறு கோப்பாகி, புள்ளியில் தொடங்கும் பெயருடைய மறைவான அடைவொன்றனுள் சென்று தங்குகின்றது. அதனைத் தேடித் திருத்தி முடிக்க ஒரு நாழிகைக்கு மேலாயிற்று. தமிழ் முழுதும் கற்ற பாட்டனார் இதனைத் தனியே செய்திருத்தல் இயலுமோ?

பிறவிடத்தும் நிலை இதனோடு ஒத்ததே. 1995-இல் வெளிவந்த விண்டோஸ் 95-இல், தொடக்கப் பட்டியலுள் இருந்த ஓர் அடைவில் செயலியின் குறுக்குவழியை இட்டாற் போதும். 2018-இல் விண்டோஸ் 10-இன் அமைப்புகளிலேயே இதற்கொரு பக்கம் வந்தது. எனினும் அப்பக்கத்தில், தாமே பதிந்துகொண்ட செயலிகளை நிறுத்தலாம், மீண்டும் இயக்கலாம். நாம் விரும்பும் புதியதொன்றைச் சேர்த்தற்கு வழியில்லை. விருந்தினரை வெளியேற்றலாம், வீட்டாரை உள்ளழைத்தல் இயலாது என்பது போன்றதன்றோ இது! குனோம் முகப்பிற்குரிய டுவீக்ஸ் என்னும் கருவியோ, நிறுவிய செயலிகளைப் பட்டியலாகக் காட்டித் தெரிந்துகொள்ளச் சொல்கின்றது. கட்டளை எழுதும் தொல்லை ஆங்கில்லை. இதுவே நேரிய நெறி என்பது எம் துணிபு.

எளிமை வேண்டுமென்றோமேயன்றி, எல்லாம் எழ வேண்டுமென்றோமில்லை. அழையாது நுழையும் செயலிகள் பல. பழைய கணினியின் சிறிய நினைவகத்தை அவை நிரப்பிவிட, உள்நுழைந்தபின்னும் நெடுநேரம் காத்திருக்க நேரும். 2022-இல் வந்த மேக்ஓஎஸ் வென்ச்சுரா, பின்னணியில் ஒன்று புதிதாய்ச் சேரும்போது உரியவர்க்கு அறிவிக்கின்றது. ஆதலின் வேண்டுவன மூன்று: சேர்த்தல் ஒரு சொடுக்கில் முடிதல், பிழை நேரின் உரைத்தல், கேளாது நுழைவனவற்றை அறிவித்தல்.

மறுநாட் காலையில் பாட்டனார் கணினியைத் திறந்து முதல் விசையைத் தட்டினார். அகரம் வந்தது. திரும்பி எம்மை நோக்கி, "இனி உனக்கு வேலையில்லை" என்று நகைத்தார். எமக்கு மகிழ்ச்சியும் நாணமும் ஒருங்கே தோன்றின. நாடோறும் பிறர் கையை நோக்கியிருத்தல் எத்துணைத் துன்பம் என்பதனை அந்நகை எமக்கு உணர்த்திற்று. உடன் பயிலும் நண்பர்களே, நும் இல்லத்தும் இவ்வாறு காத்திருப்பார் ஒருவர் இருக்கலாம். ஒரு மாலைப்பொழுதை அவர்க்கென ஒதுக்குங்கள்.