இடையில் நிற்கும் கல்

வத்திராயிருப்பில் வாழ்பவர்க்கு மேற்குத் திசை என்றாலே மலைதான். பிளவக்கல் அணைக்கு அப்பால் எழும் அந்தத் தொடர், பாலக்காட்டுக் கணவாயில் சற்றே இடைவெளி விட்டு, நீலகிரியாய் உயர்ந்து, வயநாட்டு மேட்டு நிலமாக விரிகிறது. அங்கே அம்புக்குத்தி மலையில், ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில், எடக்கல் உள்ளது. பெயர் மலையாளமே, எனினும் நமக்கு உரையாசிரியர் தேவையில்லை. இடைக்கல்! பிளந்து நிற்கும் இரு பாறைச் சுவர்களுக்கு நடுவே பெரும்பாறையொன்று விழுந்து, தரையைத் தொடாமல் சிக்கி நிற்கிறது. அதுவே கூரை. குகை என்பது வழக்கினால் வந்த பெயர்தான்.

1890களில் மலபார்க் காவல்துறைக் கண்காணிப்பாளராக இருந்த பிரெட் பாசெட் இதனைக் கண்டு, 1901இல் கட்டுரையாக வெளியிட்டார். குற்றவாளிகளைத் தேட வேண்டியவர் கோடுகளைத் தேடியது நம் நற்பேறு.

சகோதரியின் மகனோடு அங்கே சென்றிருந்தேன். முதலில் தெரிந்தவை பின்னிக் கிடக்கும் கீறல்களே. கண் பழகிய பின்னர் தலையணி பூண்ட மனித உருவம் ஒன்று மெல்லப் பிரிந்து வந்தது. பின்பு விலங்குகள், சக்கரங்கள். புதிய கற்கால மக்களின் கைவண்ணம் என்பர்.

எங்கள் தெருவில் அம்மி கொத்துபவர் வருவதுண்டு. எஃகு உளியும் சுத்தியலும் கொண்டு, அம்மியின் மேற்பரப்பைப் பொளிவதற்கே அவருக்கு வியர்த்துவிடும். இங்கோ இரும்பு அறியாத மனிதர், கல்லால் கல்லைக் கீறியும் தேய்த்தும், விரல் பதியும் ஆழத்திற்குக் கோடிழுத்திருக்கின்றனர். பொழுதுபோக்கிற்கு இத்துணை உழைப்பை எவரும் தரமாட்டார்.

அவர்களுக்கு நெடுங்காலத்திற்குப் பின் வந்தவர்கள் அதே சுவரில் தமிழ்ப் பிராமி எழுத்துகளைப் பொறித்தனர். அவற்றுள் ‘சேர’ என்னும் சொல்லும் உண்டு. அருகிலேயே நம் காலத்து இளைஞர் சிலரின் பெயர்கள். அம்பு துளைத்த இதயம் ஒன்று.

“அந்தச் சேரனும் கிறுக்கியவன்தானே, மாமா?” என்றான் மருமகன்.

நியாயமான கேள்வி. ஆயின் அன்று எழுதியவனுக்கு ஓலையும் கல்லும் தவிர வேறு ஏது? அவன் எழுதியதால்தான் தமிழ் எழுத்தின் வரலாற்றுக்கு ஒரு சான்று கிட்டியது. நமக்கோ பெயர் எழுத இடமா பஞ்சம்? இந்தச் சுவரோ 96 அடி நீளமே. கேரளத் தொல்லியல் துறை காத்து வந்தாலும், ஒருமுறை விழுந்த கீறலை என் செய்வது? புதியதைத் தேய்த்து அழித்தால், அடியிலுள்ள பழைய கோடும் உடன் போய்விடும்.