வீக்கம் காலிலா, முகத்திலா?

ஏழாம் மாதம் தாண்டிய பெண் துணை சுகாதார நிலையத்தின் படியேறும்போதே கிராம சுகாதாரச் செவிலியரின் வேலை தொடங்கிவிடுகிறது. மூச்சு எவ்வளவு வாங்குகிறது, வளையல் கையை இறுக்குகிறதா, முகம் உப்பியிருக்கிறதா என்று கண் முதலில் பார்த்துவிடும். ரத்த அழுத்தக் கருவியும் டேப்பும் அப்புறம்தான்.

கடைசி மூன்று மாதங்களில் உடம்பில் வரும் மாற்றங்கள் பெரும்பாலும் இயல்பானவை. ஆனால் ஆபத்தின் அறிகுறிகளும் ஏறக்குறைய அதே வடிவில்தான் வருகின்றன. இரண்டையும் பிரித்தறிவதுதான் இந்தத் தொழிலின் சாரம்.

கால் வீக்கத்தையே எடுத்துக்கொள்ளலாம். சாயங்காலம் கணுக்கால் வீங்கி, ராத்திரி காலை உயர்த்திப் படுத்தால் வடிந்துவிடுவது வழக்கமான ஒன்று. காலையில் எழும்போதே முகமும் விரல்களும் வீங்கியிருந்தால் கதை வேறு. ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொடுகிறதா, சிறுநீரில் புரதம் இறங்குகிறதா என்று உடனே பார்த்தாக வேண்டும். கூடவே தீராத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. வலிப்பு வந்தால் தாய், பிள்ளை இருவர் உயிருக்கும் ஆபத்து.

பிறகு வயிற்றுப் பரிசோதனை. முதலில் செவிலியர் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வார். நிரம்பிய பை அளவைக் கெடுத்துவிடும். முழங்காலை மடக்கிப் படுக்கவைத்து, தன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். சில்லென்ற விரல் பட்டால் வயிறு இறுகிவிடும், உள்ளே எதுவும் பிடிபடாது. மேல்பக்கம் அகலமாக, மெத்தென்று இருந்தால் பிள்ளையின் பிட்டம். உருண்டு, கெட்டியாக இருந்து, லேசாகத் தட்டும்போது அசைந்தால் அது தலை. ஒரு விலாவில் நீளமாக வழவழப்பாகத் தட்டுப்படுவது முதுகு. எதிர்ப்புறம் சின்னச் சின்ன மேடுகளாகக் கைகால்கள். முதுகு இருக்கும் பக்கம் காதுகொடுத்தால் இதயத் துடிப்பு நன்றாகக் கேட்கும். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டும்.

இந்தக் கைமுறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஒழுங்குபடுத்திய ஜெர்மன் மருத்துவர் லியோபோல்டின் பெயர் இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. ஸ்கேன் வந்த பிறகும் கை ஓய்வுபெறவில்லை. அடிவயிற்று எலும்பிலிருந்து கருப்பையின் உச்சிவரை டேப் காட்டும் சென்டிமீட்டர், ஏறக்குறைய வாரக் கணக்கோடு ஒத்துப்போகும். 32 வாரத்தில் 27 மட்டுமே வந்தால் பிள்ளை வளர்ச்சியைப் பற்றி மருத்துவரிடம் அன்றைக்கே பேச வேண்டும்.

தலை மேலே இருப்பதாகச் சொன்னால் வீடே பதறும். 32 வாரத்தில் அதற்கு அவசியமில்லை. பெரும்பாலான பிள்ளைகள் 36-க்குள் திரும்பிவிடும். மாதம் நிறைந்தும் திரும்பாதவை நூற்றுக்கு மூன்று நான்குதான்.

கையைவிடக் கடினமான கருவி கேள்வி. “பிள்ளை அசையுதா?” என்றால் எல்லாரும் “அசையுது சிஸ்டர்” என்றுதான் சொல்வார்கள். அதனால் அனுபவமுள்ள செவிலியர் கேட்பதே வேறு: “நேத்து ராத்திரி சாப்பிட்டுட்டு இடது பக்கமா படுத்தப்ப எத்தனை தடவை அசஞ்சுதும்மா? போன வாரம் மாதிரியே இருந்துச்சா?” இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அந்தந்தப் பிள்ளையின் வழக்கத்திலிருந்து குறைந்தால், எண்ணிக்கை எதுவானாலும் கிளம்ப வேண்டும். மாதம் நெருங்கினால் அசைவு குறையும் என்று திண்ணைப் பேச்சில் கேட்டதை நம்பி வீட்டில் காத்திருப்பது பெரிய ஆபத்து.

தலைப்பிரசவத்தில், பிரசவத்துக்குச் சில வாரம் முன்பே தலை இடுப்புக்குள் இறங்கும். மூச்சு லேசாகும், சிறுநீர் அடிக்கடி வரும். சூட்டு வலியும் அப்போதுதான் அதிகம் மிரட்டும். அது விட்டுவிட்டு ஒழுங்கில்லாமல் வந்து, சற்று நடந்தாலோ படுத்தாலோ அடங்கிவிடும். உண்மையான வலி முதுகிலிருந்து முன்னுக்கு வந்து, இடைவெளி சுருங்கச் சுருங்கப் பலமாகும். பனிக்குடம் உடைந்தால் வலிக்காகக் காத்திருக்கக் கூடாது. நீர் பச்சையாக இருந்தால் பிள்ளை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று பொருள். ரத்தம் கொட்டினாலும் உடனே 108.

தமிழ்நாட்டுச் செவிலியருக்கு இன்னொரு கவலையும் உண்டு. வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். மிகவும் கவனிக்க வேண்டிய நேரத்தில், இதுவரை பார்த்த கை மாறிவிடுகிறது. ஆகவே தாய் சேய் நல அட்டையும் கர்ப்பத்தைப் பதிவுசெய்தபோது தந்த பிக்மி எண்ணும் புடவை, வளையலோடு பெட்டிக்குள் போகின்றனவா என்று அவர் ஒருமுறைக்கு இருமுறை கேட்கிறார். அந்த ஊர்ச் செவிலியரைப் போனில் அழைத்து ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், தலை இருக்கும் நிலை எல்லாம் சொல்லிவிடுகிறார். பிறகு அம்மாவையும் மாமியாரையும் சேர்த்து உட்காரவைத்து, எந்த ஆஸ்பத்திரி, நள்ளிரவில் கூட வரப்போவது யார், ரத்தம் தேவைப்பட்டால் கொடுக்கப்போவது யார் என்று மூன்றுக்கும் பெயரோடு பதில் வாங்கிக்கொண்ட பிறகே அனுப்பிவைக்கிறார்.